இலேசான துணி எது? மலைநாட்டு மழைக்குப் படங்கும் முதுகுப்பையும் தைப்பது பற்றி

ஊவாக்காற்று | பண்டாரவளை

வணக்கம். இரவில் தலைக்கு மேல் கூரையாக இழுத்துக் கட்டும் படங்கு ஒன்றும் முதுகுப்பை ஒன்றும் சொந்தமாகத் தைக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் சும்மா கிடக்கிறது. தேயிலை மலைகளூடாகப் போகும் நெடுநடைப் பாதையான பெக்கோ ட்ரெயிலில் அப்புத்தளையிலிருந்து எல்ல வரையான கட்டங்களை ஒரே மூச்சில் நடப்பது முதல் திட்டம். பிறகு நக்கிள்ஸ் மலைத்தொடர். தோளில் ஏறும் பாரத்தைக் குறைக்க வேண்டும், அதற்காக நடு இரவில் நனைந்து எழும்பவும் கூடாது.

படங்கு மூன்றுக்கு மூன்று மீற்றர். துணிதான் குழப்பம். 30 டெனியர் சில்நைலோன் (சிலிக்கோன் பூசிய நைலோன்), 20 டெனியர் சில்பொலி (சிலிக்கோன் பூசிய பொலியெஸ்டர்), டைனிமா என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. நான் பார்க்கும் காணொளிகள் எல்லாம் வறண்ட மலைகளில் எடுத்தவை. ஜூன் மாத மழைக்குள் கினிகத்தேனைப் பக்கம் ஓர் இரவாவது வெளியில் படுத்தவர்கள் சொன்னால் நல்லது.

பெக்கோ ட்ரெயில் முழுவதும் விடுதி இருக்கிறதே, படங்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தெரியும்.

---

மஸ்கெலியாமழை | மஸ்கெலியா

சில்நைலோன். யோசிக்கவே வேண்டாம்.

ஒரே பருமனில் நைலோன் நூல் பொலியெஸ்டரைவிட உறுதியானது. இழுத்தால் சற்று நீண்டும் கொடுக்கும். காற்று திடீரென்று அறையும்போது அந்த அடியைத் துணியே வாங்கிக்கொள்வதால் தரையில் அடித்த முளைக்கும் தையலுக்கும் போகும் இழுவை குறைகிறது. இரு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணி சுலபத்தில் கிழியவும் மாட்டாது. கிழிசலின் வாயில் நூல்கள் வழுக்கி நகர்ந்து ஒன்றாகத் திரண்டு நிற்கும், ஒவ்வொன்றாக அறுபடாது. அதே துணியில் பொலியூரிதேன் பூசினால் நூல்கள் அசைய இடமின்றி ஒட்டிக்கொள்ளும். கிழியத் தொடங்கினால் ஓடிக்கொண்டே போகும்.

ஆகவே 'இரு பக்கமும் சிலிக்கோன்' என்று கேட்டு வாங்குங்கள். வெளியே சிலிக்கோன், உள்ளே பொலியூரிதேன் என்று ஒரு கலப்பும் விற்கிறார்கள். தையலின் மேல் நாடா ஒட்ட வசதி என்பதால் தொழிற்சாலைகளுக்கு அது பிடிக்கும். வீட்டில் தைக்கிற உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

---

ஊசிநூல் | ஹட்டன்

அண்ணன் சொன்னது அத்தனையும் காய்ந்த துணிக்குச் சரி.

முதலில் டெனியரை முடித்துவிடுவோம். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அது நூலின் பருமனைச் சொல்லுமே தவிர துணியின் எடையைச் சொல்லாது. நெருக்கமாக நெய்து தடிப்பாகப் பூசினால் 20 டெனியர் துணியும் 30 டெனியரின் எடைக்கு வந்துவிடும். கடையில் கேட்க வேண்டியது சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பதை. சதுர யாருக்கு இத்தனை அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 34 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். தம்பி சொன்ன முதல் இரண்டு துணிகளும் பூச்சோடு சேர்த்து 40 முதல் 45 கிராம் அளவில் கிடைக்கின்றன. ஒன்பது சதுர மீற்றருக்கு இரண்டுமே ஏறத்தாழ 400 கிராம். எடையை வைத்து இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வழியில்லை.

தெரிவுசெய்ய வைப்பது ஈரம். நைலோன் தண்ணீர் குடிக்கிற நூல். சாதாரணக் காற்றின் ஈரத்திலேயே தன் எடையில் 4 வீதம் அளவுக்கு வைத்திருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். பொலியெஸ்டர் அரை வீதம்கூடக் குடிக்காது. குடித்த தண்ணீரின் பாரம் பெரிதல்ல, முழுப் படங்குக்கும் இருபது முப்பது கிராம் வரும். குடித்த நூல் நீள்கிறதே, அதுதான் வினை. மூன்று மீற்றரில் 3 வீதம் நீண்டாலே ஒன்பது சென்ரிமீற்றர். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய படங்கு பத்து மணிக்குள் தொய்ந்து நடுவில் குழி விழும். குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய பாரத்தால் குழி இன்னும் ஆழமாகும். பிறகு யாராவது ஒருவர் மழைக்குள் போய்க் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும்.

வறண்ட நாட்டில் இது எப்போதாவது வரும் தொல்லை. வட்டவளைப் பக்கத்துச் சரிவுகளில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அங்கே தென்மேற்குப் பருவத்தில் இது ஒவ்வோர் இரவும் நடக்கும்.

என் வாக்கு சில்பொலிக்கு. வெயிலையும் அது நைலோனைவிடக் கூடுதலாகத் தாங்கும். நம் உயரத்து வெயில் மெல்லிய துணிகளுக்கு எமன், மழையைப் பற்றியே பேசி இதை மறந்துவிடுகிறோம்.

---

எட்டாம்நம்பர்மலை | நோர்வூட்

துணி எது என்று ஆளுக்கு ஆள் பேசுகிறீர்கள். எங்கே கட்டப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

தேயிலைக்குள் என்றால் முதலில் தோட்ட நிருவாகத்திடம் அனுமதி வாங்குங்கள். வாங்கியபின் கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கட்டையாகத் தறித்துவிட்ட மலைப் பக்கமே போக வேண்டாம். சாய்வாக வெட்டுப்பட்ட ஒவ்வொரு கொப்பும் கத்தி முனை. காற்றில் படங்கு ஒரு தடவை அதன்மேல் விழுந்தால் 20 டெனியரோ 200 டெனியரோ கதை முடிந்தது. தரையெல்லாம் மிலாறு, வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள், கிடக்கும், அது கீழ்விரிப்பைக் குத்தி எடுத்துவிடும். மானாப்புல் வெளி மெத்தென்று இருக்கும், ஆனால் வெயில் காலத்தில் நெருப்புப் பயம். நீங்கள் சொல்லும் துணி எதுவாக இருந்தாலும் ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். சமைக்கிற அடுப்பைத் தள்ளி வையுங்கள்.

ஊவாத் தம்பி, உங்கள் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை மழையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுகிற அதே வறண்ட காற்று முளைகளைப் பிடுங்கி எறியும். அந்த மாதங்களில் நைலோனும் தொய்யாது. உங்கள் சரிவுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தோடு வரும்போதுதான் இந்த வழக்கு எழும்.

---

மஸ்கெலியாமழை | மஸ்கெலியா

தொய்வை நான் மறுக்கவில்லை, தங்கச்சி. அதற்கு மருந்து இருக்கிறது என்கிறேன். கயிற்றின் முளைப் பக்கத்தில் ஒரு சாண் இறப்பர் நாடா சேர்த்துக் கட்டுங்கள். துணி நீளும்போது நாடா சுருங்கி இழுப்பைப் பிடித்துக்கொள்ளும். 20 டெனியர் சில்பொலி கிழிவதற்கு என்ன மருந்து?

---

ஊசிநூல் | ஹட்டன்

இறப்பர் நாடா சிறிய காற்றுக்கு உதவும். பெருங்காற்றில் படங்கு விடிய விடிய மேலும் கீழும் அடித்துக்கொள்ளும், அந்த அடியில் தையல்தான் தேயும்.

கிழிவதற்கு மருந்து ஒட்டுத் துணி. துணி நடுவில் கிழிவது அபூர்வம், கயிறு கட்டும் மூலைகளில்தான் கிழியும். மூலைக்கு மூலை இரண்டு அடுக்கு ஒட்டுப் போட்டு, அதன் ஓரத்தை நேர்கோடாக விடாமல் வளைவாக வெட்டித் தைத்தால் இழுவை ஒரே இடத்தில் குவியாமல் பரவும். ரிப்ஸ்டொப் நெசவாகவும் பார்த்து வாங்குங்கள். சில மில்லிமீற்றருக்கு ஒரு தடித்த நூல் கட்டம் கட்டமாக ஓடும். சிறு கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும்.

---

வன்னிக்காடன் | வவுனியா

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். ஒரு தறப்பாளுக்கு என்ன குறை? எத்தனை மாரியை அதற்குள்ளேயே கழித்தோம். ஒழுகவில்லை.

---

ஊவாக்காற்று | பண்டாரவளை

கோபம் எதற்கு, அண்ணா. நெய்த பொலித்தீன் தறப்பாள் கடையில் பெரும்பாலும் சதுர மீற்றருக்கு 80 முதல் 150 கிராம் வரை. என் அளவுக்கு வெட்டினால் குறைந்தது 700 கிராம், தடித்தது என்றால் ஒரு கிலோவைத் தாண்டும். அந்த ஒன்றுதான் என் பிரச்சினை.

---

ஊசிநூல் | ஹட்டன்

வன்னி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. தறப்பாள் தண்ணீர் குடிக்காது, தொய்யாது, கிழிந்தால் எந்த ஊர்ச் சந்தையிலும் வேறொன்று கிடைக்கும். ஒரு தடவை மடித்த இடத்தில் மறுபடியும் மடித்தால் வெடிக்கும், பைக்குள் இடத்தை அடைக்கும் என்பதுதான் குறை. படங்கு கட்டிப் பழகாதவர் முதலில் பழைய தறப்பாள் ஒன்றில் முடிச்சும் சாய்வும் பழகிவிட்டு நல்ல துணியை வெட்டுவது புத்தி.

---

நக்கிள்ஸ்நடையன் | மாத்தளை

டைனிமா பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் கொண்டுவந்து தந்தது.

இது நெய்த துணியே அல்ல. மிக உறுதியான பொலிஎதிலீன் இழைகளைப் பரப்பி, மேலும் கீழும் பொலியெஸ்டர் தாள் வைத்து ஒட்டியது. 1992 இல் அமெரிக்கக் கிண்ணப் படகோட்டப் பந்தயத்துக்காகப் பாய் செய்யப்போய்ப் பிறந்த தொழில்நுட்பம். மெல்லிய வகை சதுர மீற்றருக்கு 17, 18 கிராம். தம்பியின் ஒன்பது சதுர மீற்றரும் 160 கிராமில் முடிந்துவிடும். தண்ணீர் குடிக்காது, நீளாது. மழையில் நனைந்தபின் இரண்டு உதறு உதறினால் ஏறத்தாழக் காய்ந்துவிடும். கிழிந்தால் நாடாவை ஒட்டிவிட்டு நடக்கலாம். சிலிக்கோன் துணியில் சிலிக்கோன் பசையைத் தவிர எதுவும் ஒட்டாது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பசை காய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மறு பக்கம்: இழுத்தால் ஒரு நூலிழைகூடக் கொடுக்காது. வெட்டில் சிறிய பிசகு இருந்தாலும் சுருக்கம் நிரந்தரம். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, அதனால் ஓரங்களைத் தைப்பதைவிட நாடாவால் ஒட்டுகிறார்கள். உரசலுக்கு ஆகாது. சுமார் 145 பாகை செல்சியஸில் உருகும். விலையோ, நல்ல சில்பொலியைப்போலப் பல மடங்கு.

என் அபிப்பிராயம்: கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். நக்கிள்ஸில் 240 கிராம் மிச்சம் பிடித்து என்ன பயன்? காட்டுக்குள் வழியெல்லாம் முள்ளும் மூங்கிலும் இழுக்கும்போது அதைப் பாதுகாக்கவே பாதிக் கவனம் போய்விடுகிறது.

---

நுவரெலியாக்குளிர் | நுவரெலியா

எல்லோரும் மேலிருந்து வரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் பாதி ஈரம் உள்ளிருந்து வருகிறது. இங்கே 1868 மீற்றர், ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேல். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். படங்கின் துணி வெளிக் குளிரில் குளிர்ந்துவிடும், நீங்கள் விடும் மூச்சு அதன் உட்பக்கத்தில் நீர்த்துளியாகப் படியும். துணி ஒழுகுகிறது என்று புதியவர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். எந்தத் துணியும் இதைத் தீர்க்காது. காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி, மறு பக்கத்தை ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள். ஓடைக்கரைப் பள்ளத்தில் படுக்காதீர்கள், குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஹோர்ட்டன் சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று பொலியூரிதேன் பூச்சு. பெயர் பெற்ற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கூடாரத்தை வாங்கி, ஒவ்வொரு தடவையும் காயவைத்து, மடித்து அலுமாரியில் வைத்தேன். சில ஆண்டுகளில் உட்பக்கம் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தால் புளித்த வாந்தி நாற்றம். எழுதிக் கேட்டதற்குப் பராமரிப்புக் குறைபாடு என்று பதில் வந்தது. நுவரெலியாக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு நான் என்ன பராமரிப்புச் செய்வது? அந்தப் பூச்சை நீராவியே மெல்ல மெல்ல உடைத்துவிடும். சிலிக்கோனுக்கு அந்த நோய் இல்லை. எங்கள் ஊரில் துணி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பூச்சைத்தான், நைலோனா பொலியெஸ்டரா என்பது அதற்குப் பிறகு.

---

ஊவாக்காற்று | பண்டாரவளை

நுவரெலியா அண்ணா, இது எனக்குப் புதிது. நன்றி.

அக்கா, கொழும்பு புறக்கோட்டையில் மிச்சத் துணி கிலோக் கணக்கில் விற்கிறார்களே, அங்கே சில்பொலி கிடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் எல்லாவற்றையும் 'பரசூட் துணி' என்கிறார்.

---

ஊசிநூல் | ஹட்டன்

அவருக்கு எல்லாம் பரசூட்தான், தம்பி. நீங்கள் ஒரு கைக்குட்டை அளவு வாங்கிவந்து வீட்டில் பாருங்கள்.

வாயை வைத்து ஊதுங்கள். காற்று போனால் பூச்சு இல்லை, அதோடு விட்டுவிடலாம். போகாவிட்டால் ஓரத்தில் ஒட்டுநாடாவை அழுத்திப் பாருங்கள். ஒட்ட மறுத்து வழுக்கி வந்தால் சிலிக்கோன், நன்றாகப் பிடித்தால் பொலியூரிதேன். இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நைலோனா பொலியெஸ்டரா என்று அறிய ஒரு முழத் துணியை இழுத்துப் பிடித்து அளந்து குறியுங்கள். இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுவிட்டு, காலையில் ஈரத்தோடு அதே இழுப்பில் அளங்கள். நீண்டிருந்தால் நைலோன். ஒரு நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினாலும் தெரியும்: பொலியெஸ்டர் கரும்புகை விட்டுக் கறுத்த மணியாக உறையும். நைலோனின் புகையில் கருமை குறைவு, மணியும் வெளிறியிருக்கும்.

தண்ணீர் தாங்கும் அளவையும் கேளுங்கள். 1500 என்றால் 1500 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும். கூரைக்கு அது போதும். நீங்கள் முழங்கால் ஊன்றும் கீழ்விரிப்புக்கு 3000 ஆவது வேண்டும்.

இனித் தையல். என் தொழில் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும். 70 நம்பர் ஊசி, புதியது. பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் உக்கிப்போகும். பொலியெஸ்டர் நூல். தையல் நீளம் 3 மில்லிமீற்றர். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பார்கள், மெல்லிய துணியில் அது முத்திரைத் தாளைக் கிழிக்கப் போட்ட துளை வரிசை ஆகிவிடும். சிலிக்கோன் துணி மெஷின் பல்லில் வழுக்கும், அடியில் மெல்லிய தாள் வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்து எடுங்கள். நடு இணைப்புக்கு ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரண்டு வரிசை அடியுங்கள். நடு முகடு, துணியின் கரை (நெய்த ஓரம்) ஓடும் திசையில் வர வேண்டும். மூலைவாக்கில் வெட்டிய துணி எந்த நூலாக இருந்தாலும் நீளும், பிறகு பொலியெஸ்டர் தொய்கிறது என்று என்னிடம் வராதீர்கள்.

---

எட்டாம்நம்பர்மலை | நோர்வூட்

முதுகுப்பையை மறந்துவிட்டீர்கள்.

பைக்கு இந்தக் காற்றுத்துணி ஆகாது. உடம்புக்கு 210 டெனியர் ரிப்ஸ்டொப் நைலோன், பாறையில் உட்காரும் அடிப்பாகத்துக்கு 500 டெனியர். பையில் நைலோன் சரி, தொய்ந்தாலும் யாருக்கும் நட்டம் இல்லை, உரசலைத் தாங்கும். மழை புகாத பை தைக்கப் போகிறேன் என்று தையலுக்குத் தையல் பசை பூசிக் காலத்தை வீணாக்காதீர்கள். தடித்த பொலித்தீன் பை ஒன்றை உள்ளே விட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். உர மூடையின் உள் உறை மாதிரித் தடிப்பு இருந்தால் போதும். உரம் இருந்த உறையையே எடுக்க வேண்டாம், உடுப்பெல்லாம் நாறும்.

அட்டைக்கடிக்கு முழங்கால் வரையான காலுறை தைப்பதானால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. பின்னல் காலுறையில் கண் வழியாக அட்டை நுழைந்துவிடும்.

---

மஸ்கெலியாமழை | மஸ்கெலியா

பையிலாவது நைலோனுக்கு இடம் கொடுத்தீர்களே ஐயா, நன்றி.

மழைக்கோட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? மூச்சு விடும் துணி என்று பெரிய விலைக்கு விற்கிறார்களே.

---

நக்கிள்ஸ்நடையன் | மாத்தளை

உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்றால்தான் அந்தத் துணி வழியே வியர்வை ஆவி வெளியேறும். நம் மழையில் வெளியேயும் அதே ஈரம், ஏற்றத்தில் உடம்பிலும் அதே சூடு. போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளிருந்து நனைவீர்கள். அக்குளில் திறக்கும் ஸிப் வைத்த சாதாரண சிலிக்கோன் கோட்டு, கையில் ஒரு குடை. தேயிலைப் பாதையில் குடையை வெல்ல எதுவும் இல்லை. காற்றடிக்கும் முகட்டில் மட்டும் மடக்கிவிடுங்கள்.

---

ஊவாக்காற்று | பண்டாரவளை

முடிவு: படங்கு 20 டெனியர் சில்பொலி, இரு பக்கமும் சிலிக்கோன். பை ஐயா சொன்னபடி. மஸ்கெலியா அண்ணா கோபித்தாலும் இறப்பர் நாடாவை இரண்டு பக்கக் கயிறுகளில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. நடுத் தையலை எதனால் அடைப்பது? அதற்கென்று விற்கும் பசைக் குழாய் இங்கே கிடைப்பதாகத் தெரியவில்லை.

---

ஊசிநூல் | ஹட்டன்

ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடிக்குப் பூசும் நிறமற்ற சிலிக்கோன், வினாகிரி வாடை வருமே, அதுதான். அக்ரிலிக் கலந்தது வேண்டாம். ஒரு பங்கு சிலிக்கோனைப் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனில் இரண்டு மூன்று பங்கு விட்டுப் பால் பதத்துக்குக் கலக்குங்கள். படங்கை வெளியில் இழுத்துக் கட்டி, வெளிப்பக்கத் தையல் நெடுகத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிவிட்டு, வழிவதை உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். நெருப்பு எதுவும் அருகில் வேண்டாம், வீட்டுக்குள்ளும் வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தால்தான் அது இறுகும், ஆகவே மூடுபனி நாளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மழை மட்டும் விழக்கூடாது. மறுநாள் வரை மடிக்காதீர்கள்.

மிஞ்சிய கலவையைக் கீழ்விரிப்பில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். சாய்ந்த தரையில் பாய் வழுக்கிக் கீழே போகாது.

---

மஸ்கெலியாமழை | மஸ்கெலியா

தம்பி, துணியை எத்தனை மீற்றர் எடுக்கிறீர்கள்? முழுச் சுருளாக எடுத்தால் எனக்கும் ஏழு மீற்றர் சேர்த்து எடுங்கள். நைலோன் அல்ல, அந்தச் சில்பொலிதான். தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம்.

---

ஊசிநூல் | ஹட்டன்

வாசித்துவிட்டேன், அண்ணா.